பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலைக்குப் புதுசா? 'போட்டுடலாம் சார்' என்று சொல்வதற்கு முன்

பி.ஆர். ஏஜென்சியில் சேர்ந்து மூன்று மாதம் ஆன பிள்ளைகள் என்னிடம் சொல்வது ஏறக்குறைய ஒரே புகார்தான். "கிளையன்ட் முதல் பக்கம் கேக்கிறார், ரிப்போர்ட்டர் போனை எடுக்க மாட்டேங்கிறார், மேனேஜர் என்னாச்சுன்னு கேக்கிறார்." மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. நமக்கு மூன்று.

சென்னையில் பதினைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். போகப்போக அழுத்தம் குறைந்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பாதியை நாமே வாயால் வரவழைத்துக்கொள்கிறோம். அந்தப் பாதியைக் குறைப்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

படி 1: முதல் மீட்டிங்கில் வாயை அடக்குங்கள்

விளம்பரம் என்றால் காசு கொடுத்து இடம் வாங்குகிறோம். செய்தி அப்படியில்லை. அதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பத்திரிகையின் டெஸ்க், அதாவது செய்தியைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் ஆசிரியர் குழு. இது நமக்குத் தெரியும், கிளையன்ட்டுக்கும் பாதி தெரியும். ஆனாலும் காபி வந்த பிறகு அவர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "எல்லாப் பேப்பர்லயும் வந்துடும்ல?" பக்கத்தில் நம் மேனேஜர் உட்கார்ந்திருப்பார். "போட்டுடலாம் சார்" என்பது தானாக வாயில் வந்துவிடும். அந்த இரண்டு சொல்லுக்கு அடுத்த ஒரு மாதம் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

மீட்டிங் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் நம் கையில் இருப்பவை: செய்திக்குறிப்பு எந்தத் தேதியில் தயாராகும், யாரிடமெல்லாம் பேசுவோம், என்ன படம் கொடுப்போம், பேட்டிக்கு யார் வருவார். வலது பக்கம் நம் கையில் இல்லாதவை: எந்தப் பக்கம், என்ன தலைப்பு, எத்தனை வரி, அன்றைக்கு ஊரில் வேறு என்ன நடக்கும். வாக்கு கொடுப்பதெல்லாம் இடது பக்கத்திலிருந்து மட்டும் இருக்கட்டும். அன்று சாயங்காலமே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். பேசியபடி வெள்ளிக்கிழமைக்குள் தமிழ், ஆங்கிலச் செய்திக்குறிப்புகளை உங்கள் ஒப்புதலுக்கு அனுப்புகிறோம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் 20 ரிப்போர்ட்டர்களிடம் பேசிவிடுவோம். வெளியிடுவதும் எந்தப் பக்கம் என்பதும் அந்தந்தப் பத்திரிகையின் முடிவு. தினமும் மாலை 6 மணிக்கு நிலவரம் சொல்கிறேன்."

இதில் கடைசி வரிதான் முக்கியம். 6 மணிக்குத் தகவல் வந்துவிடும் என்று தெரிந்த கிளையன்ட், மதியம் நாலு தடவை கூப்பிட மாட்டார். ஒன்றுமே நடக்காத நாளிலும் அந்த மெசேஜ் போக வேண்டும். "இன்று 7 பேரிடம் பேசினோம், இன்னும் யாரும் உறுதி சொல்லவில்லை" என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, எழுதுங்கள்.

படி 2: ரிப்போர்ட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள்

மாலைப் பத்திரிகை மதியத்துக்குள் முடிந்துவிடும். காலைப் பத்திரிகை ரிப்போர்ட்டர் சாயங்காலம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் போன் போட்டு "சார், மெயில் பாத்தீங்களா?" என்றால் என்ன பதில் வரும்? மதியத்துக்கு முன் கூப்பிடுங்கள். இரண்டு வரியில் செய்தி என்ன என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு வேலை பார்த்து, தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) என்ற வேலைக்கே பிள்ளையார் சுழி போட்டவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். படங்களும் தகவல்களும் அவர் கையில் பொக்கிஷமாக இருந்தன. எந்தப் படம் எந்த வருஷம் என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தார். நம்மிடம் பொக்கிஷம் இல்லாவிட்டாலும், கேட்ட படத்தைப் பத்து நிமிஷத்தில் சரியான பெயரோடு அனுப்பினால் அடுத்த முறை போனை எடுப்பார்கள்.

படி 3: ஒன்றுமே வராத நாளுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

2016 நவம்பரில் ஒரு கடைத் திறப்பு விழா என் பொறுப்பில் இருந்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். மக்கள் ஏ.டி.எம். வாசலில் நிற்கும்போது கடைத் திறப்பா என்று டிசம்பருக்குத் தள்ளினோம். டிசம்பர் 5 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். ஏழு நாள் துக்கம். சரி, அது முடிந்ததும் 13-ம் தேதி வைத்துக்கொள்வோம் என்றார் முதலாளி. 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தது. கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை, தெருவெல்லாம் மரம். பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றார். அந்தப் பொங்கல் கழித்து மெரினாவில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இத்தனைக்கும் அவர் என்னைத் திட்டவில்லை. நான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பதற்கு முன் நானே கூப்பிட்டு, "இன்னைக்கு இதைப் பண்ணா உள்பக்கத்துல ரெண்டு வரிகூட வராது சார். தள்ளலாம், இல்லன்னா பேட்டியா மாத்தலாம், எது வேணும்?" என்று கேட்டேன். கெட்ட செய்தியோடு இரண்டு வழியும் கொண்டுபோனால், பேச்சு அடுத்து என்ன என்பதற்குப் போய்விடும். நீங்கள் பதுங்கி, அவரே பேப்பரைப் புரட்டிக் கண்டுபிடித்தால் கதை வேறு.

படி 4: நெருக்கடி போன் வந்தால்

ராத்திரி 8.40. ஓட்டல் கிளையன்ட். சாம்பாரில் ஏதோ மிதப்பதாக ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ரிப்போர்ட்டர் உங்களைக் கூப்பிடுகிறார். நெஞ்சு படபடக்கும். அப்போது பேனாவை எடுத்து நான்கு விஷயம் எழுதுங்கள்: அவர் பெயர், எந்தப் பத்திரிகை அல்லது சேனல், கேள்வி என்ன (அவர் சொன்ன வார்த்தையிலேயே), எத்தனை மணிக்குள் பதில் வேண்டும். எழுத ஆரம்பித்தாலே கை நடுக்கம் பாதி நின்றுவிடும்.

பதில் ஒன்றே ஒன்றுதான்: "விசாரிச்சுட்டு 9 மணிக்குள்ள நானே கூப்பிடறேன்." 9 மணிக்குத் தகவல் கிடைக்காவிட்டாலும் கூப்பிட வேண்டும். "இன்னும் கிடைக்கல, 9.30-க்குப் பேசறேன்" என்பதும் பதில்தான். "நமக்குள்ள சொல்றேன், எழுதாதீங்க" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

அப்புறம் மேனேஜரோடு உட்கார்ந்து நாலு வரி அறிக்கை: "அந்த வீடியோ எங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது. குறிப்பிட்ட கிளையின் சமையலறையில் இப்போது சோதனை நடக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு முழுமையாக ஒத்துழைக்கிறோம். நாளை காலை 11 மணிக்கு அடுத்த தகவல் தருகிறோம்." ஒவ்வொரு வரியும் உண்மைதானா என்று கிளையன்ட்டிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஒரு தடவை நான் "கிளை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்று அனுப்பியபோது, போட்டோகிராபர் அதே கிளை வாசலில் நின்று, உள்ளே தோசை வார்ப்பதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பி.ஆர். வகுப்புகளில் டைலெனால் கதையைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. டைலெனால் ஒரு வலி நிவாரணி. 1982-ல் சிகாகோ பக்கம் சயனைடு கலந்த அந்த மாத்திரையால் 7 பேர் இறந்தார்கள். அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் பர்க். கதை கேட்ட சூட்டில் நம் பிள்ளைகள் தாங்களே கம்பெனியைக் காப்பாற்ற வேண்டும் என்று ராத்திரியெல்லாம் முழிக்கிறார்கள். ஜூனியரான உங்கள் வேலை, அந்த நான்கு விஷயத்தையும் பிழையில்லாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது. முடிவெடுக்கிற சம்பளம் வாங்குபவர்கள் முடிவெடுக்கட்டும்.

படி 5: கணக்கு காட்டும்போது

"இந்த இடத்துல விளம்பரம் கொடுத்தா எவ்வளவு ஆயிருக்கும்?" என்று பெருக்கிப் போட்டு லட்சங்களில் ரிப்போர்ட் தருவது பழைய பழக்கம். இந்த மாதம் 12 லட்சம் காட்டினால் அடுத்த மாதம் 15 கேட்பார்கள். பி.ஆர். வேலையை எப்படி அளப்பது என்று 2010-ல் சர்வதேச அளவில் வந்த பார்சிலோனா கொள்கைகளே இந்த விளம்பர மதிப்பு பி.ஆர். வேலையின் மதிப்பு ஆகாது என்று சொல்லிவிட்டன. செய்தி வந்த வாரத்தில் கடைக்கு எத்தனை விசாரணை வந்தது என்று கேட்டு எழுதுங்கள். எண் சின்னதாக இருக்கும், ஆனால் நிஜமாக இருக்கும்.

படி 6: போனைத் தள்ளி வையுங்கள்

டீமில் நான்கு பேர் இருந்தால், ராத்திரி 9-க்கு மேல் யார் போன் எடுப்பது என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு எண்ணைக் கிளையன்ட் குரூப்பில் போட்டுவிட்டு, மற்ற மூன்று பேரும் குரூப்பை மியூட் செய்யலாம். மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பயப்படாதீர்கள். ராத்திரி போன் அவருக்கும் தான் வருகிறது.

இவ்வளவும் செய்தும் இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு கலங்குகிறது என்றால், அதைப் 'ப்ரொஃபஷனல்' என்று பூசி மெழுக வேண்டாம். அந்தக் கிளையன்ட்டின் வேலையிலிருந்து மாற்றிவிடச் சொல்லிக் கேளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம். தமிழிலேயே பேசலாம்.