ஃபாக் லாம்ப் அப்புறம் வாங்கலாம்: அட்வென்ச்சர் பைக்கை மண்ணுக்குத் தயார் செய்வது

அட்வென்ச்சர் பைக் கைக்கு வந்ததும் சென்னையில் பலரும் நேராகப் போவது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கு. ஃபாக் லாம்ப், இரும்புப் பெட்டி, பெரிய கண்ணாடி என்று மாட்டிக்கொண்டு வருவார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கையில் ஸ்பானரும் ஓர் இஞ்ச் டேப்பும் போதும். வண்டியை உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பொருத்துங்கள். மண்ணில் வண்டி பேச்சைக் கேட்பதும் கேட்காததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

நான் பெரம்பூரில் இருக்கிறேன். உயரம் 5 அடி 3 அங்குலம். ஓட்டுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 411 சிசி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். சீட் உயரம் 800 மில்லிமீட்டர், எடை கிட்டத்தட்ட 200 கிலோ. "மேடம், இது உங்களுக்குச் சரிவராது" என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். இரண்டு கால் பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிக்னலில் இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி, இடது காலை மட்டும் நன்றாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைத்துப் பழகினால் போதும். அதுவும் போதவில்லை என்றால் சீட் ஃபோமைச் சீவச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றி வண்டியை இறக்குவது மட்டும் வேண்டாம். அடிவயிறு கல்லில் இடிக்கும், சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நேராக நிற்கும், ஒரு காற்று அடித்தால் சாயும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணில்தான் அதிகம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 நல்ல தேர்வு. சுமார் 160 கிலோதான், கீழே போட்டால் தூக்கலாம். 450 ஹிமாலயன் 196 கிலோ, 40 குதிரைத்திறன், ஹைவேயில் அருமை. பழைய 411 பார்க்கப் போனால், சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்'கென்று மாட்டினால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது. ஸ்போக்குகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மந்தமாகச் சத்தம் வருவது தளர்ந்திருக்கிறது. ஃபோர்க்கில் எண்ணெய் கசிவு, இன்ஜினுக்கு அடியில் நசுங்கல், ஆர்சி புத்தகத்தில் கடன் நிலுவை, மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

சரி, வண்டி வந்துவிட்டது. முதல் வேலை ஹேண்டில் பார். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, கண்ணை நேராக வையுங்கள். குனியாமல் கை தானாகப் போய் க்ரிப்பில் உட்கார வேண்டும். குனிய வேண்டியிருந்தால் கிளாம்ப்பைத் தளர்த்திப் பாரைக் கொஞ்சம் முன்னோக்கித் திருப்புங்கள். அதன் பிறகு கிளட்ச், பிரேக் லீவர்கள். ஷோரூமில் இருந்து வரும்போது அவை உட்கார்ந்து ஓட்டுவதற்குத் தோதாக இருக்கும். நின்று ஓட்டும்போது மணிக்கட்டு மடங்கி வலிக்கும். நின்ற நிலையில் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி கீழே இறக்குங்கள். லீவர் கிளாம்ப்பின் போல்ட்டை இறுக்கி முறுக்காதீர்கள். ஓட்டும்போது அசையக் கூடாது, வண்டி விழுந்தால் சுற்ற வேண்டும், அந்த அளவு போதும். சுற்றினால் லீவர் உடையாது. ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும் கழற்றி வையுங்கள். ஈர மண் ஒட்டிய ஷூ ரப்பர் மேல் நிற்காது, பல்லுள்ள இரும்பின் மேல் நிற்கும்.

அடுத்தது பின் ஷாக்அப்சார்பர். இதை முக்கால்வாசிப் பேர் தொடுவதே இல்லை, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரம் தொங்கும்போது ஆக்ஸிலில் இருந்து மேலே கேரியரில் ஒரு புள்ளி வரை அளந்து எழுதுங்கள். அப்புறம் ஷூ, ஜாக்கெட், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் வண்டியில் ஏறி உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அதே இரண்டு புள்ளிகளை அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் டேப் பிடிப்பது என் தம்பி. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி இறங்கிய அளவு. 411-இல் பின் சஸ்பென்ஷனின் மொத்த ஓட்டம், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம், 180 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 முதல் 60 மில்லிமீட்டர் வரை இறங்கினால் சரி. அதிகமாக இறங்கினால் பள்ளத்தில் அடி வாங்கும், முன் சக்கரமும் மணலில் திசை கேட்காது. கொக்கி ஸ்பானரால் ஸ்பிரிங் வளையத்தை ஒரு படி ஏற்றி மறுபடி அளங்கள். 55 கிலோ உள்ள எனக்கும் 85 கிலோ உள்ளவருக்கும் ஒரே செட்டிங் எப்படிப் பொருந்தும்? பெட்டி கட்டிப் போகும் நாளில் திரும்ப அளக்க வேண்டும்.

இனி டயரும் காற்றும். அயனாவரத்தில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொன்ன முதல் பாடம்: "சிஸ்டர், மண்ணுல எறங்கறதுக்கு முன்னாடி காத்தை எறக்குங்க." காற்று குறைந்தால் டயர் கல்லின் மேல் துள்ளாமல் படிந்து போகும். தார் ரோட்டுக்கு மேனுவலில் போட்டிருக்கும் அளவு. சரளையிலும் மணலிலும் அதைவிடக் குறைக்கலாம். ஆனால் டியூப் டயரில் நான் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போவதில்லை. போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் மாட்டி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். திரும்ப அடிக்க சைக்கிள் பம்ப்பே போதும். அளவு பார்க்கும் மீட்டர் கட்டாயம் சொந்தமாக வைத்திருங்கள். காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள்.

நம் பக்கத்தில் டயருக்கு முதல் எதிரி வேலிகாத்தான் முள். ஒரகடம், தையூர் பக்கம் தரிசு நிலம் எங்கும் அதுதான். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றிவிட்டு உடனே மாட்டாதீர்கள். முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், புது டியூபையும் குத்தும். ஒரு துணியை டயரின் உள்பக்கம் முழுக்க ஓட்டுங்கள், மாட்டும் இடத்தில் முள் இருக்கும். 21 அங்குல முன் டியூப் ஒன்றை எடுத்துப்போங்கள். அவசரத்துக்கு அதையே பின் சக்கரத்திலும் போட்டு ஊர் வந்து சேரலாம். இரண்டு டயர் லீவரும் வேண்டும். வீட்டு வாசலில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிவிட்டால் வெயிலில் கை நடுங்காது.

ஏரி மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரையில் வறண்டு வெடித்த ஏரித் தரை நல்ல பயிற்சித் தளம். ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆனால் ஒரு மழை பெய்துவிட்டால் அந்தக் களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்து முன் சக்கரத்தையே பூட்டிவிடும். அன்று போகாதீர்கள். செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகள் வேண்டவே வேண்டாம். காப்புக்காடும் வேண்டாம், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். கடற்கரை மணல் ஆசையாகத்தான் இருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் ஏறி மணலுக்குள் முட்டையிடுகின்றன. முட்டை இருக்கும் இடம் வண்டியில் போகிறவர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. எந்த மாதமானாலும் கடற்கரையில் பைக் ஓட்டாதீர்கள், தயவுசெய்து.

மாட்ட வேண்டியவை என்று பார்த்தால் கொஞ்சம்தான். இன்ஜின் அடித்தகடு, உள்ளே உலோகக் கம்பி உள்ள ஹேண்டு கார்டு, 450 என்றால் ரேடியேட்டருக்கு ஒரு வலை. லக்கேஜுக்கு இரும்புப் பெட்டியைவிடத் துணிப்பை. மண்ணில் விழும்போது பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் கால் மாட்டினால் எலும்பு முறியும். கனமான பொருள் பையின் அடியில், சீட்டை ஒட்டி இருக்கட்டும். உடம்புக்கு முழங்கால் காப்பும், கணுக்காலைத் தாண்டி ஏறும் பூட்டும் வண்டிக்கு வாங்கும் எதற்கும் முன்னால் வாங்க வேண்டியவை. மே மாத வெயிலுக்கு வலை ஜாக்கெட்டும் முதுகில் தண்ணீர்ப் பையும்.

கீழே விழுவீர்கள், எல்லாரும் விழுகிறோம். தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. இன்ஜினை அணைத்து கியரில் போடுங்கள். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து வையுங்கள். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுதும் திருப்பி, சீட்டில் முதுகு பட உட்கார்ந்து, ஒரு கையால் க்ரிப்பையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, காலால் பின்னோக்கி நடங்கள். முதுகு வளையக் கூடாது. இந்த முறையில் என்னாலேயே 200 கிலோவைத் தூக்க முடிகிறது.

ஓடையிலோ ஐப்பசி மழையில் நம் தெருவிலோ தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அப்புறம் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்ஜின் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

வீடு திரும்பியதும் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைச் சக்கர பேரிங்குக்கும் கோன்செட்டுக்கும் நேராகப் பிடிக்க வேண்டாம், கிரீஸ் போய்விடும். செயின் காய்ந்ததும் லூப்ரிகன்ட் அடியுங்கள். தளர்வை மேனுவலில் சொன்ன அளவில் வையுங்கள். சஸ்பென்ஷன் ஓட்டம் அதிகமுள்ள வண்டியில் செயின் இறுக்கமாக இருந்தால் பேரிங் தேயும். செம்மண் புழுதியில் ஓட்டிய பிறகு ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாரம் கிளம்ப வேண்டும்.