ஏலக்காய்க் கடைக்கு இணையதளம்: யார் பெயரில், யார் கையில்

குமுளியில் தேக்கடிக்குப் போகும் சாலையில் எங்களுக்குச் சிறிய ஸ்பைசஸ் கடை ஒன்று இருக்கிறது. ஏலக்காய், மிளகு, கிராம்பு, பட்டை, ஜாதிபத்திரி விற்கிறோம். நான் கம்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். சுற்றுலா வந்து வாங்கிப்போனவர்கள் ஊர் திரும்பியதும் அழைத்து, "அதே ஏலக்காய் அரைக் கிலோ அனுப்புவீர்களா?" என்று கேட்கத் தொடங்கியபோதுதான் கடைக்கு இணையதளம் வேண்டும் என்று முடிவு செய்தோம். தெரிந்தவர் சொல்லி ஓர் இளைஞர் வந்தார். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா, நீங்கள் பணம் மட்டும் அனுப்புங்கள்" என்றார். மூன்று ஆண்டுகள் குறையில்லாமல் ஓடியது. நான்காம் ஆண்டு கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் மலையேறத் தொடங்கிய வாரத்தில் தளம் காணாமல் போனது.

அவரது எண் மாறியிருந்தது. ஆள் வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கள் கடைப் பெயரிலான டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, அவருடைய கணக்கில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. டாட்காம் பெயர் ஒன்றின் பதிவுக் காலம் முடிய ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போதும் ஒரு வாரம் இருக்கும்போதும், முடிந்த பிறகும், அதைப் பதிந்து கொடுத்த பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும் என்பது விதி. அனுப்பியிருப்பார்கள். அவை போய்ச் சேர்ந்த பெட்டியைத் திறக்க எங்களிடம் சாவி இல்லை. காலம் முடிந்த பெயரைப் பதிவு நிறுவனம் சில வாரங்கள் வைத்திருக்கும். நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்கு அபராதம் போலப் பெரிய தொகை கேட்பார்கள். அதன்பின் 5 நாளில் பெயர் பொதுவில் விழும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்கள் பெயரை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்த முகவரி அச்சடித்த நான்காயிரம் கவர்கள் கடையின் பின்னறையில் கிடந்தன. நானும் மாமியாரும் பத்து நாள் இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு கவரின் மேலும் புது முகவரி ஸ்டிக்கர் ஒட்டினோம்.

இதை எழுதுவது அதனால்தான். எல்லைப் பக்கத்தில் ஹோம் ஸ்டே வைத்திருப்பவர்கள், தேன் விற்பவர்கள், கம்பம் பன்னீர் திராட்சைக்காரர்கள் என்று பலர் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். டிசைனரின் திறமையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது, டொமைன் யார் பெயரில் இருக்கப்போகிறது என்பதை.

டொமைனை நீங்களே வாங்குங்கள். பதிவு நிறுவனம் ஒன்றில் உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண் கொடுத்துக் கணக்குத் தொடங்க அரை மணி நேரம் போதும். பொதுவில் தேடிப் பார்க்கும் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இப்போது பெரும்பாலும் மறைத்தே காட்டப்படுகிறது. ஆகவே கணக்கில் நீங்கள் நுழைய முடிகிறதா, ஓடிபி உங்கள் கைப்பேசிக்கு வருகிறதா என்பதுதான் சான்று. டிசைனருக்குப் பாஸ்வேர்டு கொடுக்கத் தேவையில்லை. பெயரை எந்த சர்வரை, அதாவது தளம் இருக்கும் கணினியை, நோக்கித் திருப்ப வேண்டும் என்று அவர் சொல்வார், அதை நீங்கள் மாற்றிவிடலாம். ஏற்கெனவே பெயர் இன்னொருவர் கணக்கில் மாட்டியிருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றல் குறியீட்டை (பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவைப்படும் கடவுச்சொல் போன்றது) கேட்டு வாங்கி உங்கள் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். புதிதாகப் பதிவு செய்த டாட்காம் பெயரை முதல் 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. அதே நிறுவனத்துக்குள் கணக்கு மாற்றுவது பெரும்பாலும் எளிது.

டொமைனும் ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்து இயக்கும் வாடகை இடம்) ஒரே நிறுவனத்தில் இருந்தால் வசதி என்பார்கள். இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும் என்பது என் தீர்மானமான கருத்து. ஹோஸ்டிங்கில் தகராறு வந்தால், பெயரைப் புது இடத்துக்குத் திருப்பிவிட்டு மறுநாள் வியாபாரத்தைத் தொடரலாம்.

இனி ஆளைத் தேர்ந்தெடுப்பது. ஏலக்காய் வாங்கும்போது மூட்டையின் வாயில் இருப்பதைப் பார்த்து யாரும் விலை சொல்ல மாட்டார்கள். அடியில் கைவிட்டு அள்ளி, காயைப் பிளந்து, அரியின் (உள்ளிருக்கும் விதையின்) நிறம் பார்த்து, ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் என்று லிட்டர் எடை போட்ட பிறகுதான் பேச்சு. டிசைனர் தன் மடிக்கணினியில் காட்டும் தளங்கள் மூட்டை வாய். அவர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த நான்கு தளங்களின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். நான் அவற்றைக் கம்பத்துக்குப் போகும் பஸ்ஸில், மலைப்பாதை வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், என் பழைய கைப்பேசியில் திறந்து பார்த்தேன். ஒரு ரிசார்ட்டின் தளம் இரைச்சல் பாலம் தாண்டியும் வெள்ளைத் திரையாகவே நின்றது. காரணம் பிறகு தெரிந்தது. கைப்பேசியில் எடுத்த படங்களை, ஒவ்வொன்றும் நான்கைந்து எம்.பி. அளவில், சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தார்கள். இருநூறு கே.பி.க்குச் சுருக்கினாலும் ஏலக்காயின் பச்சை மாறாது. நான்கு முகவரிகளில் ஒன்று உயிருடனே இல்லை. இன்னொன்றின் அடியில் மூன்று ஆண்டு பழைய தேதி. அந்தக் கடைக்காரரை அழைத்து, "ஒரு விலையை மாற்ற எத்தனை நாள் ஆகிறது?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு அந்த டிசைனரிடம் போகவில்லை.

நமக்கென்றே இருக்கும் சோதனை ஒன்று மொழி. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தமிழர், கணிசமானவர் மலையாளிகள், மற்றவர்களுக்கு ஆங்கிலம். தமிழில் பக்கம் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தார் சொன்னபோது, மாதிரிப் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினேன். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை வந்தது. அச்சகத்தில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றியிருந்தார்கள். அப்படிப்பட்ட பக்கத்தை கூகுளில் "குமுளி ஏலக்காய்" என்று தேடும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வேறு சிலர் தமிழை முழுவதும் படமாகவே ஒட்டிவிடுகிறார்கள், அதுவும் தேடலில் சிக்காது. ஒட்டிப் பார்க்கும் இந்தச் சோதனைக்குப் பத்து விநாடி போதும், கட்டாயம் செய்யுங்கள்.

மலையாளப் பக்கத்தில் இன்னொரு வினை. எந்திர மொழிபெயர்ப்பில் எங்கள் மிளகு "முளகு" ஆகிவிட்டது. மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். மிளகுக்குச் சொல் குருமுளகு. கோட்டயத்திலிருந்து ஒரு அம்மா அழைத்து, "சேச்சி, இந்த முளகு எரிவு அதிகமா, வறுத்துப் பொடிக்க ஆகுமா?" என்று விசாரித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. எல்லையில் வாழ்கிற நமக்கு இரண்டு மொழியும் வாயில் இருக்கின்றன. பொருள் பெயர்களை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதை மட்டும் எந்த டிசைனரிடமும் விடாதீர்கள்.

ஹோஸ்டிங் விலையைப் பார்க்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் மாதத் தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மூன்று நான்கு ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் பல இடங்களில் அந்த விலை. புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு ஏறுவது சாதாரணம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நான் கேட்கும் விலை ஒன்றே ஒன்று: இரண்டாம் ஆண்டு, வரியோடு சேர்த்து, எவ்வளவு? எங்களைப் போலக் கேரளத்தில் கடையும் தமிழ்நாட்டில் டிசைனரும் என்றால், அவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவராக இருக்கும்பட்சத்தில் பில்லில் மாநிலம் விட்டு மாநில வியாபாரத்துக்கான ஐ.ஜி.எஸ்.டி. வரும். நம் ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் போடச் சொன்னால் அந்த வரியை வரவு வைத்துக்கொள்ளலாம். எண்ணைக் கொடுக்க மறந்து பின்னால் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"அளவில்லா இடம்" என்ற விளம்பரத்திலும் நிதானம் வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான தளங்கள் பங்கிடுகின்றன. படம் வைக்கும் இடத்துக்கு அளவு இல்லாவிட்டாலும் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்கு அளவு உண்டு. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தளம் 508 என்ற எண்ணைக் காட்டி நின்றது. நமக்கு ஒதுக்கிய பங்கு தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். ஆண்டு முழுவதும் பெரிய திட்டத்துக்குப் பணம் கட்ட எங்களால் முடியாது. கார்த்திகை முதல் தை வரை மட்டும் ஒரு படி மேலே போய், பிறகு இறங்கிக்கொள்ள விடும் நிறுவனத்தைத் தேடிப் பிடித்தோம். சர்வர் மும்பையிலோ இந்தியாவில் வேறெங்கோ இருப்பது நல்லது, பக்கம் சீக்கிரம் திறக்கும். பூட்டுச் சின்னம் காட்டும் எஸ்.எஸ்.எல். சான்றுக்கு ஆண்டுதோறும் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது, நல்ல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாமாகவே புதுப்பித்துவிடும்.

எங்கள் இரண்டாவது தளத்தைச் செய்தது கம்பத்துப் பெண் ஒருத்தி, என் மகள் வயது. இணையதளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்தாள். அந்த மென்பொருள் இலவசம், 2003 முதல் இருக்கிறது, தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள், நாளை அவள் இல்லாவிட்டாலும் இன்னொருவர் கைவைக்க முடியும். சொந்தமாக உருவாக்கிய மென்பொருள் என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் எனக்குத் தயக்கம் உண்டு. அவர் போய்விட்டால் திறக்க ஆளில்லை. வேர்ட்பிரஸிலும் ஒரு கண்டிப்பு: விலை கொடுத்து வாங்க வேண்டிய தீம்களின் (தளத்துக்கான ஆயத்தத் தோற்ற வடிவங்களின்) உடைத்த நகலைப் போடவே கூடாது. அதற்குள் ஒளிந்திருக்கும் நிரல் ஒரு நாள் உங்கள் வாடிக்கையாளரைச் சூதாட்டத் தளத்துக்குக் கொண்டுபோய் விடும். உரிமம் வாங்கிய ரசீதைக் கேளுங்கள்.

கடைசித் தவணை கொடுக்கும் முன் அவளிடம் ஒன்று கேட்டேன். "பேக்கப் இருக்கிறதா?" என்று கேட்கவில்லை, எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "நேற்றைய தளத்தை இப்போது என் முன்னால் திரும்பக் கொண்டுவா" என்றேன். "அக்கா, ஓடுகிற தளத்தில் கைவைக்க வேண்டாம்" என்று சொல்லித் தனியாக ஒரு காலி இடம் உண்டாக்கி, அதில் மீட்டுக் காட்டினாள். படங்கள் எல்லாம் வந்தன, முந்தைய வார ஆர்டர்கள் வரவில்லை. ஆர்டர்கள் சேரும் தரவுத்தளத்தை வாரம் ஒருமுறைதான் எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றே தினசரியாக மாற்றினாள். வாரம் ஒரு நகல் எங்கள் கடைக் கணினிக்கும் வருகிறது.

பணத்தை மூன்றாகப் பிரித்தோம்: தொடக்கத்தில் ஒரு பங்கு, மாதிரிப் பக்கம் பார்த்த பிறகு ஒரு பங்கு, பாஸ்வேர்டுகள் எல்லாம் கைக்கு வந்தபின் மீதி. இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தமும் எழுதிக் கையெழுத்திட்டோம். பணம் கொடுத்துவிட்டால் வடிவமைப்பு நமக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் ஒருவர் செய்த வடிவமைப்புக்கும் நிரலுக்கும் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். உரிமை நமக்கு மாற வேண்டுமானால் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்குத்தான் என்று கொள்ளப்படும். ஆகவே "முழு உரிமையும், முழுக் காலத்துக்கும், எல்லா நாடுகளிலும்" என்ற சொற்களைச் சேருங்கள்.

உணவுப் பொருள் விற்பவர்கள் இன்னொன்றையும் டிசைனரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொட்டலத்தில் போடும் விவரங்கள், அதாவது நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பொட்டலமிட்டவர் முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண் போன்றவை, இணையத்தில் விற்கும் பக்கத்திலும் தெரிய வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணும் அப்படியே. இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே கணக்கை உங்கள் பான் அட்டையிலும் உங்கள் வங்கிக் கணக்கிலும் தொடங்குங்கள். பணம் திருப்பித் தரும் விதிமுறைப் பக்கம் இல்லாமல் கேட்வே நிறுவனத்தார் அனுமதி தருவதில்லை, அதை வேலைப் பட்டியலில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சாலையோரத் தேநீர்க் கடைக்கோ, உள்ளூருக்குள் மட்டும் விற்பவருக்கோ இத்தனையும் தேவையில்லை. கூகுள் வரைபடத்தில் இலவசமாகக் கடையைப் பதிந்து, வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல் போட்டால் போதும் என்று நான் சொல்லி அனுப்பியவர்கள் உண்டு.

தளத்தை இடம் மாற்றுவதாக இருந்தால் சீசனில் தொடாதீர்கள். ஆனி, ஆடியில் மழை பிடித்து, தேக்கடிக்குக் கூட்டம் குறைந்திருக்கும்போது செய்யுங்கள். முகவரி புது சர்வருக்குத் திரும்ப ஓரிரு நாள் ஆகலாம், அந்த நாட்களில் சிலருக்குப் பழையதும் சிலருக்குப் புதியதும் தெரியும். கடையின் மின்னஞ்சலும் பழைய ஹோஸ்டிங்கில் இருந்தால் முதலில் அந்தக் கடிதங்களைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இடத்துக்கு இன்னும் ஒரு மாதப் பணம் கட்டி வைத்திருங்கள், எல்லா ஆர்டரும் புதிய தளத்தில் வந்து விழுவதைப் பார்த்த பிறகு நிறுத்தலாம்.