முதல் தடவை உபவாசமா? இரவிலிருந்து தொடங்குங்கள்

உடம்புக்காக உபவாசம் இருந்து பார்க்க நினைப்பவர்கள், எடுத்த எடுப்பில் நாள் முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டாம். இரவு 7 மணிக்குச் சாப்பாட்டை முடித்து, மறுநாள் காலை 7 மணிக்குச் சாப்பிட்டாலே 12 மணித்தியாலம். பாதி நேரம் தூக்கத்திலேயே போய்விடும். அது பழகிய பிறகு 14 ஆக்கலாம்.

அலுவலக நாளை விட, போயா விடுமுறை வசதி. கொழும்பு வெக்கையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இதைச் சோதிப்பானேன்?

தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சீனி போடாத பிளேன்டீயும் சரி. செவ்விளநீரில் இயற்கையாகவே சர்க்கரை உண்டு, அதை உபவாசம் முடிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது இலைக்கஞ்சி, இடியப்பமும் சொதியும் போதும். கொத்து ரொட்டி வேண்டவே வேண்டாம்!

நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது உகந்ததல்ல. மற்றவர்களும் கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள்.