பழைய கெக் செட் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

ஐந்து காலன் பீர் காய்ச்சினால், 12 அவுன்ஸ் பாட்டில் ஐம்பதுக்கு மேல் கழுவ வேண்டும். நாலைந்து தடவை கழுவிச் சலித்தவர்கள், ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து பழைய கெக் (பீர் மொத்தத்தையும் அடைத்து, கேஸ் அழுத்தத்தில் பிடித்துக் குடிக்கும் ஸ்டீல் பீப்பாய்) யாராவது விற்கிறார்களா என்று தேடத்தான் செய்வார்கள். நியூஜெர்சியில் நானும் தேடினேன். (இது அமெரிக்கக் கதை. சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பீர் காய்ச்ச 1979 முதல் இங்கே மத்தியச் சட்டத்தில் தடையில்லை. தமிழ்நாட்டில் செய்தால் மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள்.) ஒருவருடைய கராஜிலிருந்து இரண்டு கார்னி கெக் (சோடா கம்பெனிகள் பயன்படுத்திய வகை), 5 பவுண்டு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். சிலிண்டரை நிரப்பி, கெக்கில் பீரை ஊற்றி, 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) அழுத்தம் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் சாயங்காலம் சிலிண்டர் காலி. பீர் சப்பென்று கிடந்தது.

ரெகுலேட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கினேன். அடுத்த சிலிண்டரும் இரண்டே நாளில் காலி.

பீரை ஊற்றிய பிறகு ஒழுகலைத் தேடியதுதான் நான் செய்த முட்டாள்தனம். குளிர்ந்த பீர் தானாகவே கேஸை உறிஞ்சும். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால், எங்கேயும் ஒழுகாவிட்டாலும் அது இறங்கும். ஆகவே சோதனைக்குக் காலி கெக்தான் வேண்டும். 30 பிஎஸ்ஐ ஏற்றி, சிலிண்டர் வால்வை மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால், கெக்கைக் கழற்றிவிட்டு ரெகுலேட்டரையும் குழாயையும் மட்டும் அதே மாதிரி சோதியுங்கள். அப்போதும் இறங்கினால் கெக்கின் மேல் பழியில்லை. இறங்காவிட்டால் சோப்புத் தண்ணீரோடு கெக்கிடம் போங்கள்.

ஊரில் சமையல் கேஸ் சிலிண்டர் மாற்றியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மூடியைத் திறந்ததும் உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்ப்போமே, இங்கேயும் அதே கதைதான். சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே ஒரு சின்ன வாஷர் வரும். சில ரெகுலேட்டரில் ரப்பர் வளையம் சேர்ந்தே இருக்கும், மற்றவற்றுக்குத் தனியாகப் போட வேண்டும். பழைய சாமானோடு இது பெரும்பாலும் வராது; வந்தாலும் நசுங்கியிருக்கும். வாஷர் இல்லாமல் ஸ்பேனரால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகல் நிற்காது, மரைதான் கெடும்.

ஆனால் சமையல் கேஸ் பழக்கம் ஒன்றை இங்கே மறந்துவிட வேண்டும். கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கப்போட்டு இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவார்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைப் படுக்கவைத்தால் உள்ளே இருக்கும் திரவமே ரெகுலேட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று சாய்த்து வைப்பதும் அதே தப்புதான்.

ரெகுலேட்டரில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை நம்பிப் பயப்படுவது அடுத்த தவறு. உள்ளே துளி திரவம் இருக்கும்வரை அறை வெப்பத்தில் அது 800 பிஎஸ்ஐக்கு மேல்தான் காட்டும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் 500 சொச்சத்துக்கு இறங்கும். கேஸ் எங்கும் போகவில்லை, குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மிச்சம் எவ்வளவு என்று தெரிய எடை போடுங்கள். காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்தில் பொறித்திருக்கும். அதன் பக்கத்திலேயே சோதனைத் தேதியும் இருக்கும். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுசோதனை செய்யாமல் நிரப்பித் தர மாட்டார்கள். பேரம் பேசுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இப்போது கெக். ஒரு கெக்கில் ஐந்து ரப்பர் வளையம்: மூடிக்குப் பெரியதாக ஒன்று, கேஸ் உள்ளே போகவும் பீர் வெளியே வரவும் உள்ள இரண்டு முனைக்கும் வெளியே ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் இரண்டு குழாய்க்கும் ஒவ்வொன்று. பழைய கெக் வாங்கினால் யோசிக்காமல் ஐந்தையும் மாற்றிவிடுங்கள். இவை முதலில் சோடா சிரப் அடைக்கச் செய்த கெக்குகள். எத்தனை கழுவினாலும் ரூட் பீர் (ஒருவகை அமெரிக்கச் சோடா) வாசனை போகவில்லை என்று புலம்புகிறவர்கள் ஸ்டீலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வாசனை ரப்பரில் இருக்கும். அந்தக் கோபத்தில் பிளீச் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் ஸ்டீலில் குழி விழச் செய்யும்.

பீர் வரும் பக்கத்து உள்குழாய் வளையம் வெட்டுப்பட்டிருந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். வெளியே சோப்புக் குமிழே வராமல் போகலாம். மேலே இருக்கும் கேஸ் அந்த வெட்டு வழியாகப் பீரோடு கலந்து வெளியே வரும், டம்ளர் முழுக்க நுரை. அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்போம், பீர் வரும் வெளிக்குழாயை நீட்டிப் பார்ப்போம், ஒன்றும் சரிவராது. (குழாய் உண்மையிலேயே குட்டையாக இருந்தாலும் நுரைக்கும். மெல்லிய குழாயில் பத்தடி இருந்தால் அந்தச் சந்தேகம் வேண்டாம்.)

கழற்றுமுன் அழுத்தத்தை முழுக்க இறக்கிவிடுங்கள். கோக் கம்பெனி பயன்படுத்திய ‘பின் லாக்’ (pin lock) வகைக் கெக்கின் மூடியில் பெரும்பாலும் கேஸை இறக்க இழுத்துவிடும் வளையம் இருக்காது. கேஸ் முனையின் நடுவே உள்ள ஊசியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் கேஸை வெளியேற்ற வேண்டும். இரண்டு கெக்கை ஒரே நேரத்தில் பிரித்துப்போடவும் வேண்டாம். முனைகளின் மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எது எதனுடையது என்று பிறகு தெரியாது. பெப்சி வழி வந்த ‘பால் லாக்’ (ball lock) வகைக் கெக்கில் கேஸ் முனையின் அடியில் சின்ன வெட்டுக்கோடு இருக்கும். அதைப் பார்க்காமல் கேஸ் கப்ளரை (குழாயை முனையில் மாட்டும் இணைப்பை) பீர் முனையில் மாட்டினால், கழற்றுவதற்குள் கை சிவந்துவிடும்.

மூடியை மாட்டியதும் 30 பிஎஸ்ஐ கொடுத்து வளையத்தைப் படியவைத்துவிட்டு, பிறகு குறைக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஐந்தோ எட்டோ வைத்தால் பழைய மூடி ஒழுகும்.

ரெகுலேட்டரில் நிஜமாகவே பழுது இருந்தால் அது வேறு மாதிரி தெரியும். 10 வைத்துவிட்டுப் போவீர்கள், காலையில் 20க்கு ஏறியிருக்கும். உள்ளே வால்வு உட்காரும் இடத்தில் அழுக்கு, இல்லாவிட்டால் தேய்மானம். பின்னோக்கி ஏறிய பீர் உள்ளே காய்ந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ரிப்பேர் கிட் போடுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

சமையல் கேஸுக்கு வாசனை சேர்த்திருப்பார்கள், கார்பன் டை ஆக்சைடுக்குக் கிடையாது. காற்றைவிடக் கனமானது, பேஸ்மென்டில் தரையோடு தேங்கும். 5 பவுண்டு கேஸ் விரிந்தால் 40 கன அடிக்கு மேல் வரும். பத்துக்குப் பத்து, எட்டடி உயர மூடிய அறையில் அது காற்றில் 5 சதவீதம். 4 சதவீதமே உயிருக்கு ஆபத்தான அளவு. கதவைத் திறந்து வையுங்கள், ஒரு கார்பன் டை ஆக்சைடு மானிட்டரும் வாங்கி மாட்டுங்கள்.

என் செட்டில் ஒழுகியது எது என்கிறீர்களா? கேஸ் பக்கத்து உள்குழாய் வளையம். தொட்டதும் பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்து கையோடு வந்தது. கழற்றிய பழைய ரெகுலேட்டர் இன்றும் நன்றாகவே ஓடுகிறது, இரண்டாவது கெக்குக்கு.