பெயின்ட் கடைசியில்: சொந்த வீட்டில் எதை முதலில் சரி செய்வது

வீட்டுக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கியதும் பலரும் முதலில் கையில் எடுப்பது பெயின்ட் நிற அட்டையைத்தான். அதை மூடி வையுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலை எல்லாம் கடைசி வேலை. தண்ணீர் எங்கே வந்து எங்கே போகிறது, மின்சாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்காமல் மேலே எதைப் பூசினாலும், எதை ஒட்டினாலும், அடுத்த மழைக்கோ அடுத்த குழாய் உடைப்புக்கோ அதையே கொத்தி எடுக்க வேண்டிவரும். அப்போது கொத்துகிற கூலியும் குப்பை அள்ளுகிற கூலியும் தனிச் செலவு.

என் வரிசை இது. முதலில் கூரை, குழாய், கழிவுநீர், அப்புறம் மின்சாரம், அப்புறம் வெயில், காற்று, அதற்குப் பிறகு தரை, அலமாரி, கடைசியில் பெயின்ட். குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிற வீடு, சூடாகிற ஸ்விட்ச் போர்டு இருக்கிற வீடு என்றால் மட்டும் மின்சாரம்தான் முதல், அதில் பேச்சே கிடையாது.

சுவர் ஏன் நனைகிறது?

செலவு வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சுவரில் ஈரம் என்றால் காரணம் ஒன்றல்ல. வெளியிலிருந்து மழைநீர் இறங்கலாம், உள்ளே ஓடுகிற குழாய் கசியலாம், அடித்தளத்திலிருந்து ஈரம் மேலே ஏறலாம், அல்லது அறைக் காற்றில் இருக்கிற ஈரமே குளிர்ந்த சுவரில் படியலாம். நாலுக்கும் மருந்து வேறு வேறு. மழை பெய்தால் மட்டும் கறை பெரிதாகிறது என்றால் வெளிச்சுவரையோ கூரையையோ பாருங்கள். வெயில், மழை எதுவானாலும் ஒரே மாதிரி நனைந்தே இருந்தால் குழாய் மேல் சந்தேகப்படலாம்: இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்து வைத்து, காலையில் பாருங்கள், யாரும் தண்ணீர் எடுக்காமலே எண் நகர்ந்திருந்தால் விஷயம் தெரிந்துவிடும். மீட்டர் இல்லாவிட்டால் மேல் தொட்டியில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டாலே போதும். தரையை ஒட்டித் தொடங்கி ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடுகிற கறை, அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது என்றால் அடித்தளத்து ஈரமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளியே சுவரை ஒட்டி மண்ணோ பூச்செடியோ தரைமட்டத்துக்கு மேலே குவிந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். சில வீடுகளில் அந்த மண்ணை அள்ளினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. நனைந்த இடத்தின் மேற்பரப்பைத் துணியால் துடைத்து உலரவிட்டு, சுமார் 45 செ.மீ. சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளோ அலுமினியத் தாளோ வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிரிக்கும்போது தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் அது காற்றிலிருந்து படிவது. இரண்டாவது வகைக்கு எந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சும் வேண்டாம். பாத்ரூமிலும் சமையலறையிலும் வெளியே தள்ளுகிற மின்விசிறி, திறக்கிற ஜன்னல், சுவரை ஒட்டி நிற்கிற பீரோவைக் கொஞ்சம் தள்ளிப் போடுவது, இவ்வளவுதான்.

வெளியிலிருந்து வருகிற தண்ணீரை உள்பக்கம் பெயின்ட் அடித்து நிறுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் சுவருக்குள்ளேயேதான் இருக்கும், கொஞ்ச நாளில் பூச்சை உப்பவைத்து, காரையோடு சேர்த்துத் தள்ளிவிடும். வருகிற வழியை அடைத்த பிறகும் அவசரம் கூடாது. நன்றாக ஊறிய செங்கல் சுவர் உலர 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும்.

தட்டையான கான்கிரீட் கூரை என்றால் பூச்சு வாங்குவதற்கு முன் வாட்டத்தைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. இறக்கமாவது வேண்டும், மழை விட்டு மறுநாளும் குட்டை நிற்கிற தளத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சு போட்டாலும் ஆயுள் குறைவுதான். கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் வடிகுழாய் வாயை அடைத்து, சில செ.மீ. தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுக்கக் கீழிருந்து கவனிக்கலாம். ஆனால் 5 செ.மீ. தண்ணீர் என்பது சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம், தொய்ந்த அல்லது கம்பி தெரிகிற பழைய தளத்தில் இதைச் செய்யவே கூடாது. கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்றும் நினைக்க வேண்டாம், தளத்துக்குள் தண்ணீர் நடந்து போய் வேறு எங்கோ இறங்கும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்கிற மூலை, குழாய் தளத்தைத் துளைத்துப் போகிற இடம், இரண்டையும் முதலில் பாருங்கள். பூச்சு அந்த மூலையில் நின்றுவிடாமல் சுவர் மேலும் ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும்.

பாத்ரூம் விஷயத்தில் ஒன்றே ஒன்று: டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. டைல்ஸுக்கு நடுவே இருக்கிற சிமென்ட் கிரவுட் வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். தடுப்பது அடியில் போடுகிற வாட்டர்ப்ரூஃப் பூச்சு. அது காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டு, கீழ் அறைக் கூரையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. “அதெல்லாம் தேவையில்லை, நான் கியாரண்டி” என்பார் மேஸ்திரி. தேவை என்று சொல்லுங்கள். ஒரு நாள் தாமதம், அவ்வளவுதானே.

அதே நேரத்தில் புதுக் குழாய்களில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள், சுவரை மூடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். சும்மா எடுத்தால் போதாது. தரையிலிருந்து ஒரு டேப்பும் மூலையிலிருந்து ஒரு டேப்பும் விரித்து, அளவு எண்கள் படத்தில் தெரியும்படி எடுக்க வேண்டும். பிறகு ஒரு நாள் கண்ணாடி மாட்ட டிரில் வைக்கும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும். வயதான காலத்துக்குக் கைப்பிடிக் கம்பி தேவைப்படும் என்று தோன்றினால், சுவர் திறந்திருக்கும்போதே அதற்குப் பிடிமானம் வைத்து மூடிவிடுங்கள்.

குழாய்க்கும் வயருக்கும் சுவரைக் கொத்துவதிலும் ஓர் அளவு இருக்கிறது. பாரம் தாங்கும் சுவரில் செங்குத்தாக என்றால் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிடைமட்டமாக என்றால் ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஆழம் போகக் கூடாது. தூணையும் பீமையும் தொடவே கூடாது. இரண்டு அறையை ஒன்றாக்கலாம் என்று சுவரை இடிப்பதற்கு முன் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள், மேஸ்திரியின் அனுபவம் இதற்குப் போதாது. விரிசலும் அப்படித்தான்: தலைமுடி போல மெல்லிய கீறல் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, 5 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தாலோ, கூடவே கதவும் இறுக ஆரம்பித்தாலோ பட்டி வைத்து மறைக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மின்சாரம்

எம்சிபி (மின்சாரம் அளவு மீறி ஓடினால் தானாகத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இருக்கிறது, அதனால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. அது காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது சட்டென்று துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே விழுகிற ஆர்சிசிபி என்கிற இன்னொரு ஸ்விட்ச். அதில் ஒரு சோதனை பட்டன் இருக்கும், அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். வீடு முழுக்க எக்ஸ்டென்ஷன் பெட்டி ஓடுகிறது என்றால் அலங்கார விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் ப்ளக் பாயின்ட்டுகளைக் கூட்டுங்கள்.

வெயில் தாங்காத வீடு என்றால் பெரிய ஏசிக்கு முன் கூரைக்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்க நிழல். வெளியே என்பது முக்கியம். உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது.

தரை டைல்ஸ் அளந்ததைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக, எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். பாத்ரூமுக்குப் பளபளப்பு வேண்டாம்.

இனி பெயின்ட். புதிதாகச் சிமென்ட் பூசிய இடம் என்றால் சுமார் நான்கு வாரம் காயட்டும், அப்புறம் பிரைமர். மிகப் பழைய வீட்டின் பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைப்பதும் துளைப்பதும் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு ஆள் பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பொருள், எத்தனை கோட், குப்பையை யார் அள்ளுவது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முடிந்த வேலைக்கு மட்டும் பணம், கடைசிப் பத்து சதவீதம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கூரை வேலை என்றால் அந்தக் கடைசிப் பங்கை ஒரு நல்ல மழைக்குப் பிறகு தருவதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள், முடிந்த பிறகு சொன்னால் சண்டைதான். உங்கள் கணக்கிலும் பதினைந்து சதவீதம் தனியாக இருக்கட்டும், பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து ஆட்கள் கிளம்புவதற்கு முன் மீந்த பெயின்ட் டப்பா மேல் நிற எண், எந்த அறை, என்ன தேதி என்று மார்க்கரால் எழுதி வாங்கிவிடுங்கள்.