1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களின் (கீழே இருக்கும் எண் வேறுவேறாக உள்ளவை) கூட்டலை நடத்தி முடித்த மறுநாள் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். 1/2 + 1/3 எவ்வளவு? பாதி வகுப்பு 2/5 என்று எழுதியிருந்தது. மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி, வேலை முடிந்தது. முந்தின நாள்தான் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்து, பகுதியை, அதாவது கீழே இருக்கும் எண்ணைச் சமமாக்கி, கரும்பலகை நிறைய ஆறு கணக்கு போட்டுக் காட்டியிருந்தேன். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது சார்" என்று கூரை அதிரப் பதில் வந்தது.

அதற்குப் பிறகு வருடாவருடம் மாற்றி மாற்றி நடத்திப் பார்த்ததில் ஓரளவு கைவந்த முறை இது. சமான பின்னமும் (1/2, 2/4 போல மதிப்பு மாறாதவை) மீ.சி.ம.வும் ஏற்கெனவே நடத்தியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முக்காலில் தொடங்குங்கள்

புத்தகம் மூடியே இருக்கட்டும். "அரைக் கிலோ தக்காளி, கால் கிலோ தக்காளி. மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். "முக்கால்" என்று உடனே வரும். "முக்கால்னா என்ன?" மூணு கால். "நான் ஒரு கால்தானே கொடுத்தேன், மீதி ரெண்டு எங்கிருந்து வந்தது?"

இங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "அரைக்குள்ளயே ரெண்டு கால் இருக்கு சார்" என்பார். பகுதியைச் சமமாக்குவது என்று நாம் சொல்வதை அந்தப் பிள்ளை மனக்கணக்காகவே செய்து முடித்துவிட்டது. அந்தப் பதிலைப் பலகை ஓரத்தில் எழுதிவையுங்கள். பாடம் முடியும்வரை அழிக்க வேண்டாம்.

படி 2: பகுதி, தொகுதி

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

கீழே இருக்கும் எண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பகுதி. ஆனால் பிள்ளைக்குப் பகுதி என்றால் ஒரு துண்டு, ஒரு பங்கு. "மூன்று பகுதி எடுத்தேன்" என்று நாமே சொல்கிறோம். அப்படிப் பார்த்தால் மேலே இருப்பதைத்தானே பகுதி என்று சொல்ல வேண்டும்? தொகுதி நிலைமை இன்னும் மோசம். "தொகுதின்னா என்ன?" என்று கேட்டதற்கு, "எம்.எல்.ஏ. நிக்கிறது சார்" என்றான் ஒருவன். தப்பு அவன் மேல் இல்லை.

இப்போது இரண்டையும் வினையாக்கிவிடுகிறேன். பகு, தொகு. எத்தனையாகப் பகுத்தோம்? அது பகுதி. அதில் எத்தனையைத் தொகுத்தோம்? அது தொகுதி. முறுக்கை நான்காக உடைத்து, அதில் மூன்று துண்டைக் கையில் சேர்த்துக் காட்டினால் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். முறுக்கு நான்கு சம துண்டாக உடையாது என்பது வேறு விஷயம். அதையும் ஒரு பிள்ளை சொல்லிக் காட்டும். "சமமாகப் பகுக்க வேண்டும்" என்பதை அங்கேயே சேர்த்துவிடலாம்.

இன்னொரு கண்ணி: 2/3 என்பதை "மூன்றில் இரண்டு" என்று படிக்கிறோம். காதில் முதலில் விழுவது மூன்று. சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் மூன்றை மேலே எழுதி 3/2 ஆக்கிவிடுவார்கள். கீழிருந்து மேலே விரலை நகர்த்திக்கொண்டே படிக்கச் சொல்லுங்கள். நாலு நாளில் பழகிவிடும்.

படி 3: காகிதப் பட்டை

கேக், பீட்சா, சப்பாத்தி என்று வட்டம் வரைவது எனக்குப் பிடிக்காது. வட்டத்தைச் சரியாக மூன்றாகப் பிரிக்கப் பெரியவர்களுக்கே கை வராது. ஸ்மார்ட் போர்டு வீடியோவும் வேண்டாம், அதில் துண்டுகள் தாமாகவே நகர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. பிள்ளையின் கையில் பட்டை இருக்கட்டும்.

முதல் தடவை ஏ4 தாளை நீளவாக்கில் அப்படியே வெட்டிக் கொடுத்தேன். அதன் நீளம் 29.7 செ.மீ. மூன்றில் ஒன்று 9.9, ஆறில் ஒன்று 4.95. பிள்ளைகள் ஸ்கேலை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். இப்போது 24 செ.மீ.தான். 2, 3, 4, 6, 8, 12 எதனால் வகுத்தாலும் மீதி வராது. 3 செ.மீ. அகலமாக வெட்டினால் ஒரு தாளுக்கு ஏழு பட்டை. இரண்டு பேருக்கு நான்கு பட்டை என்று கொடுத்தால், நாற்பது பேர் வகுப்புக்குப் பன்னிரண்டு தாள் போதும்.

ஒரு பட்டையை முழுசாக வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவதிலிருந்து 12 செ.மீ. (அரை), மூன்றாவதிலிருந்து 8 செ.மீ. (மூன்றில் ஒன்று) வெட்டி, முழுப் பட்டையின் மேல் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து வைக்கட்டும். 20 செ.மீ. வரை மூடும். "இதற்கு என்ன பெயர்?" ஐந்தில் இரண்டு என்று சொல்பவரிடம், "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, 2/5 அரையைவிடப் பெரிசா, சின்னதா?" என்று மட்டும் கேளுங்கள். 2/5 அரையைவிடக் குறைவு. சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? அந்த முகம் சுருங்குவதைப் பார்த்தால் போதும், "புரிஞ்சுதா?" என்று தனியாகக் கேட்கத் தேவையில்லை.

அப்புறம் நான்காவது பட்டையை 4 செ.மீ. துண்டுகளாக, ஆறாக வெட்டி மேலே அடுக்கச் சொல்லுங்கள். அரைக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு துண்டு. மொத்தம் ஆறில் ஐந்து. 6 என்ற மீ.சி.ம. எங்கிருந்து வந்தது என்று இனி நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

குறுக்குப் பெருக்கல் வழியை (ஒன்றின் தொகுதியை மற்றதன் பகுதியால் பெருக்கிக் கூட்டுவது) முதல் வாரம் காட்டாதீர்கள். காட்டிவிட்டால் யாரும் பட்டையைத் தொடமாட்டார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்த ஓர் ஆசிரியர், ஒரு பெஞ்சில் மட்டும் விடை தப்பாகவே வந்தது என்று எழுதியிருந்தார். அங்கே ஒரு பட்டை இரண்டு செ.மீ. குட்டை. எல்லாப் பட்டையும் ஒரே நீளம்தானா என்று வெட்டுவதற்கு முன்பே ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தில் ஒரு பங்கு வரும் கணக்குக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். 20 செ.மீ. பட்டை எடுங்கள். 1/4 + 1/5 என்றால் 5 செ.மீ.யும் 4 செ.மீ.யும் சேர்ந்து 9, ஆக 9/20.

சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பெஞ்சை வம்புக்கு இழுக்கும் கூட்டத்துக்கு 24 செ.மீ. பட்டையிலேயே 1/2 + 1/3 + 1/6 கொடுங்கள், முழுப் பட்டையும் மூடிவிடும். அதற்கடுத்து 3/4 + 1/3. பதினெட்டும் எட்டும் இருபத்தாறு. "சார், பட்டை பத்தல" என்று சத்தம் வந்தால் கலப்புப் பின்னத்தை (முழு எண்ணும் பின்னமும் சேர்ந்தது) அன்றைக்கே தொடங்கிவிடலாம்.