நினைவகம் தின்னும் நிரலுக்கு எந்த மொழி? முதலில் பைட்டை எண்ணுங்கள்

'எந்த மொழி வேகமானது?' என்று தேடினால் ஓயாத சண்டைதான் கிடைக்கும். கோடிக்கணக்கான பதிவுகள் ராமில் உட்காரப் போகிறதென்றால் கேட்க வேண்டியது இரண்டே: ஒரு பதிவுக்கு எத்தனை பைட்? அந்த இடத்தை யார் விடுவிப்பார்?

படி 1: கணக்குப் போடுங்கள்

ஒரு கோடி முழு எண்களை எடுத்துக்கொள்வோம், ஒவ்வொன்றும் 4 பைட். சி, சி++, ரஸ்ட், கோ எதிலும் இது 40 எம்பிக்குள் முடிந்துவிடும். பைத்தான் லிஸ்டில் எண்ணே 28 பைட் பொருள், அதைக் காட்டும் சுட்டி 8 பைட்; ஆக, குறைந்தது 360 எம்பி. ஜாவாவின் சாதாரண இன்ட் அரேயில் அதே 40 எம்பிதான். எண்களைப் பொருள்களாக்கி வைக்கும் அரேலிஸ்டில் போட்டால் பொருளுக்கு 16, சுட்டிக்கு 4 என்று 200 எம்பி ஆகிவிடும்.

கவனித்தீர்களா, மொழியை மாற்றாமலே ஐந்து மடங்கு வித்தியாசம். பைத்தானிலும் நம்பை (NumPy) என்ற எண்கணித நூலகத்தின் அரேயில், 4 பைட் எண்ணான இன்ட்32 ஆக வைத்தால் 40 எம்பி போதும். ஆனால் அதன்மேல் ஃபார் லூப் ஓட்டாதீர்கள். எடுக்கும் ஒவ்வொரு எண்ணும் மறுபடி பொருளாகி, வேகம் படுத்துவிடும்.

படி 2: அடுக்கைப் பாருங்கள்

பெரும்பாலான கணினிகளில் பிராசஸர் ராமிலிருந்து ஒரு நடையில் 64 பைட் அள்ளி வருகிறது. அடுத்தடுத்து இருந்தால் அதில் 16 எண்கள். சிதறிய பொருள்கள் என்றால் பல சமயம் ஒன்றுதான் உருப்படி.

சி ஸ்ட்ரக்டில் (பல புலங்களை ஒன்றாகக் கட்டிய பதிவு) சார் (1 பைட்), டபுள் (8 பைட்), சார் என்ற வரிசை, இடையில் விழும் வெற்றிடங்களோடு 24 பைட் பிடிக்கும். டபுளை முன்னால் கொண்டுவந்தால் 16. ரஸ்ட் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். சி, கோ இரண்டும் நீங்கள் எழுதிய வரிசையைத் தொடாது.

படி 3: விடுவிப்பது யார்?

கோ, ஜாவாவில் பயனற்ற இடத்தை மொழியின் குப்பை சேகரிப்பான் அவ்வப்போது விடுவிக்கும்; அதுவரை அது தேங்கி நிற்கும். கோவின் இயல்பு அமைப்பில், உயிரோடுள்ள (இன்னும் பயனிலுள்ள) தரவு 4 ஜிபி என்றால் ஹீப் (நிரல் ஓடும்போது வாங்கும் நினைவகம்) சுமார் 8 ஜிபி வரை வளரும். நிரல் ஓடும் கன்டெய்னருக்கு (வள வரம்பிட்ட தனி அறை) 6 ஜிபிதான் கொடுத்திருந்தால் இயங்குதளத்தின் கர்னல் நிரலைக் கொன்றுவிடும். கோ 1.19 முதல் உள்ள கோமெம்லிமிட் (GOMEMLIMIT) என்ற நினைவக வரம்பு அமைப்பைக் கன்டெய்னர் வரம்புக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ஜாவாவில் ஹீப் 32 ஜிபியைத் தொட்டால் 4 பைட் சுட்டிகள் 8 பைட்டாகிவிடும். 31 ஜிபியில் அடங்கியது 33-இல் அடங்காமலும் போகலாம்!

எண் அட்டவணைகள்தான் வேலை என்றால் நம்பையோடு நில்லுங்கள். ராம் தாராளமாக இருந்து, குப்பை சேகரிப்பால் வரும் சிறு தடங்கல் பரவாயில்லை என்றால் கோ அல்லது ஜாவா. வரம்பு இறுக்கமென்றால், குப்பை சேகரிப்பான் இல்லாத ரஸ்ட். ஏற்கனவே சி++ நூலகங்களோடு கட்டுண்டிருந்தால் மட்டும் சி++.

படி 4: அளந்து பாருங்கள்

லினக்ஸில் யூஎஸ்ஆர் பின் அடைவிலுள்ள டைம் நிரலை (/usr/bin/time -v) விரிவான அறிக்கை கேட்டு ஓட்டினால் உச்ச நினைவகம் தெரியும். பேஷ் ஷெல்லுக்குள்ளேயே உள்ள டைம் அதைக் காட்டாது. முழு அளவுத் தரவைக் கொடுத்தே சோதியுங்கள். சி++ வெக்டர் (தானே வளரும் அரே) நிரம்பும்போது பெரிய இடம் வாங்கி நகலெடுக்கும். அந்தக் கணத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கும். எண்ணிக்கை தெரிந்தால் முன்கூட்டியே அத்தனைக்கும் இடத்தை ரிசர்வ் செய்துவிடுங்கள்.